முப்பத்தெட்டு காலி

"நாய் இருக்கு," என்றாள் மனைவி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் விரல் நின்றிருந்தது. "தொண்ணூத்திரண்டு. எதிர்வீட்டு நாய். குடை பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்குது. சரி, நான் எங்க?"

"எதுல?" என்றார் சார்ட்டர்.

"இந்த நூறுல."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பதில் தெரியாததால் அல்ல. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் தலைமைத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். பத்துக்குப் பத்து என நூறு சிறு அறைகள் கொண்ட அலமாரிக்கு முன்னால் இருபத்தொன்பது ஆண்டுகளாக நின்று, விலாசத்தைப் பார்த்துக் கடிதத்தை அதற்குரிய அறையில் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் அவருடைய பெயரை அறிந்தவர்கள் யாரும் இல்லை. சார்ட்டர் என்றால் தெரியும்.

சென்ற ஆண்டு பொது நூலகத்தின் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நினைவாற்றல் போட்டி. ஒரு தாள் நிறைய எண்களைக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். பிறகு தாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். வரிசை மாறாமல் திரும்ப எழுத வேண்டும். உள்ளே போய் அதற்கான புத்தகத்தை எடுத்து வந்தார். முறை எளிமையாக இருந்தது. சைபர் சைபரிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஆளை வைத்துக்கொள். அந்த ஆளைக் கோமாளித்தனமாக ஏதாவது செய்ய வை. அதன் பிறகு எண்கள் வரிசையாக வந்தால் ஆட்கள் வரிசையாக வருவார்கள். கோமாளியை எவனும் மறக்க மாட்டான்.

நூறு அறை, நூறு ஆள். சார்ட்டருக்கு இது பிறவிப் பயன் போல இருந்தது. தமிழும் உதவியது. தமிழில் எண்கள் சும்மா இருப்பதில்லை, எதையாவது செய்துகொண்டே இருக்கும். அஞ்சு என்றால் அஞ்சுகிறவர்: ஊசி போடும்போது தன் கண்ணை மூடிக்கொள்கிற கம்பவுண்டர். ஏழு என்றால் எழாதவன்: கட்டிலோடு ரயிலேறும் மைத்துனன். எட்டு என்றால் எட்டிப் பார்ப்பவர்: ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தோடு எதிர்வீட்டு டீச்சர். அறுபது, அறுவை: கையில் ரம்பத்தோடு அலுவலக சூப்பரின்டெண்டென்ட். தமிழ் கைவிட்ட இடத்தில் கதவு எண், செருப்பு அளவு, எது கிடைத்ததோ அது. ஒரு மாதத்தில் தெருவே அலமாரிக்குள் குடிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மனைவி எண் தாளை வைத்துக்கொண்டு உட்காருவாள். "நாலு, ஒண்ணு, ஏழு, மூணு," என்பாள். சற்றுப் பொறுத்து அவர், "நாலு, ஒண்ணு, ஏழு, மூணு," என்பார். பிள்ளை இல்லாத வீடு. திருமணமாகி முப்பத்தோராவது ஆண்டு. பேச வேண்டியதெல்லாம் எப்போதோ பேசித் தீர்ந்து, காய்ந்த குழாயைப் போல இருவரும் இருந்த நேரத்தில் எண்கள் வந்து சேர்ந்தன. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே ஒப்புக்கொள்கிற உரையாடல் அது. அந்த வீட்டில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

அன்று போட்டிக்குப் பதிமூன்று நாள் இருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்திருக்கிறாரா பார் என்று நோட்டை அவர்தான் அவள் கையில் கொடுத்தார். இரண்டு இடத்தில் யாரும் வரவில்லை. ஓரிடத்திலும் வராத ஒருத்தியை அவள் கண்டுபிடித்தாள்.

"நீ எதுக்கும்மா அதுல? மறந்து போறவங்களைத்தானே எழுதி வைக்கிறது," என்றார். நல்ல பதில் என்று அவருக்கே தோன்றியது.

"நாய் மறந்து போயிடுமா? தெனமும் ரெண்டு வேளை உங்களைப் பாத்துக் குலைக்குது."

"கோவப்படாதே. பிரிக்கிற எடத்துல நூறு அறைக்கும் வெளியில ஒரு கூடை இருக்கும். எந்த அறையிலயும் சேராத கடிதமெல்லாம் அதுலதான் விழும். ரொம்ப முக்கியமான கூடை. உன்னை நான் அதுல..."

"வெலாசம் இல்லாத லெட்டரா நான்?"

அவர் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் முழுவதும் யோசித்தார். சாயங்காலம் வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், "உனக்கு எடம் பாத்துட்டேன். எல்லாருக்கும் முன்னாடி. ஆரம்பமே நீதான்," என்றார்.

அவள் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. "என்ன நம்பர்?"

"சைபர் சைபர்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஒரு சைபர் போதாதுன்னு ரெண்டா?"

அன்று அவள் எண் வாசிக்கவில்லை. அதற்கு மறுநாளும் வாசிக்கவில்லை. அந்த வீட்டுக்கு மௌனம் புதிதல்ல. ஆனால் அதுவரை இருந்தது இருவருக்கும் பொதுவான மௌனம், ஆளுக்குப் பாதி. இது அவளுடையது மட்டும். அவர் அதற்குள் புகுந்து தண்ணீர் குடிக்கப் போவதற்கே அனுமதி கேட்க வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். யாரையாவது காலி செய்துவிட்டு அவளுக்குக் கௌரவமான ஒரு எண்ணைக் கொடுப்பது. நோட்டை எடுத்து நூறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் நன்றாக வேர்விட்டிருந்தார்கள். கடைசியில் முப்பத்தெட்டில் விரல் நின்றது. முப்பத்தெட்டு மாடிவீட்டு ஓனர். ஈரத் துண்டோடு தண்ணீர் மோட்டாரை இறுக்கிக் கட்டிப்பிடித்து மல்யுத்தம் செய்துகொண்டிருப்பவர். அவரை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் 'மனைவி' என்று எழுதினார்.

"முப்பத்தெட்டு," என்று அவளிடம் காட்டினார்.

அவள் வெகுநேரம் அந்த வரியைப் பார்த்தாள். "எல்லாருக்கும் நேரா என்ன பண்றாங்கன்னு இருக்கு. நான் என்ன பண்றேன்?"

இங்கே சார்ட்டர் புத்தகம் சொன்னதை நம்பினார். கோமாளித்தனம் இல்லாவிட்டால் நிற்காது.

"பாத்திரம் கழுவற தொட்டியில உக்காந்து துடுப்பு போடறே," என்றார்.

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். நாலு துணியைப் பையில் வைத்தாள். வாசலில் நின்று, "முப்பத்தொரு வருஷம் தொட்டிகிட்ட நின்னேன். இப்பதான் உக்காரச் சொல்லியிருக்கீங்க," என்றாள். பஸ் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டு, அதாவது எதிர்வீட்டு டீச்சர், ஜன்னல் வழியே இதை முழுவதுமாகப் பார்த்திருந்தார்; பஸ்ஸுக்குப் போகிற வழியில் மனைவி நோட்டில் இருப்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அரைமணி நேரத்தில் மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. ஓனர். சார்ட்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். மோட்டாரோடு மல்யுத்தம் செய்ய விட்டது தெரிந்துவிட்டது என்று நினைத்தார்.

ஓனர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"பதினாறு வருஷமா இந்த வீட்ல இருக்கீங்க. ஒரு நாளாவது உங்களைக் காலி பண்ணச் சொல்லியிருக்கேனா?"

"இல்ல சார்."

"நீங்க மட்டும் என்னை ஒரே சாயங்காலத்துல காலி பண்ணிட்டீங்க."

"சார், அது வந்து..."

"ஒரு மாசம் டைம் குடுத்தீங்களா? ஒரு வார்த்தை சொன்னீங்களா? டீச்சரெல்லாம் இருக்காங்களாம். கம்பவுண்டர் இருக்கானாம். எனக்கு எடமில்லையாம்."

மனைவி போன வீட்டில், கூரையையும் இழக்கும் தெம்பு சார்ட்டருக்கு இல்லை. "தொண்ணூத்திரண்டு தர்றேன் சார்," என்றார் அவசரமாக.

"அதுல இதுக்கு முன்னாடி யாரு குடியிருந்தா?"

சார்ட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எதிர்வீட்டு நாய்."

ஓனர் எழுந்தே விட்டார். அவரை மறுபடி உட்கார வைக்க ஒரு டம்ளர் டீயும், 'ரவுண்டா ஒரு நம்பர்' என்ற வாக்குறுதியும் தேவைப்பட்டன. அறுபதைக் கொடுத்தார். அறுபதில் இருந்த சூப்பரின்டெண்டென்டைத் தொண்ணூற்றிரண்டுக்கு அனுப்பினார். நாயை வெளியே விட்டார். இத்தனை பேரில் ஒரு வார்த்தை பேசாமல் காலி செய்தது அது ஒன்றுதான்.

ஒரு கடிதத்தை அறை மாற்றிப் போட்டால் அந்த ஒரு கடிதம்தான் தவறும். அறையின் பெயரையே மாற்றினால் கை குழம்பிவிடும். இருபத்தொன்பது ஆண்டில் முதல்முறையாகச் சார்ட்டரின் கை அலமாரிக்கு முன்னால் தயங்கியது. இது யாருடைய அறை, இப்போது இங்கே யார் இருக்கிறார்கள், என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் நின்றார். வெள்ளிக்கிழமை மலைப்பக்கத்து ஊர்களுக்கான மூட்டை ஒன்று முழுசாகத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சூப்பரின்டெண்டென்ட் அவரை எதிரில் நிற்க வைத்துப் பேசினார். பொறுப்பைப் பற்றி, பொதுமக்களைப் பற்றி, தன் இளமைக் காலத்தைப் பற்றி. சார்ட்டர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனமோ கட்டளையை ஏற்று வேலை செய்துகொண்டிருந்தது: தொண்ணூற்றிரண்டு, குடை, வரிசை. சூப்பரின்டெண்டென்ட் கையில் குடை முளைத்தது. பின்னால் வாலும் முளைத்தது.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல சார்."

"மூட்டைய ஊர் மாத்தி அனுப்பிட்டு சிரிப்பு வேற வருதா?"

"வீட்ல ஆள் இல்ல சார்," என்றார் சார்ட்டர். ஏன் அதைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சூப்பரின்டெண்டென்டும் பேச்சை நிறுத்திவிட்டார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் மேசைக்கு வந்தது. அதுவும் தவறான மேசைக்கு.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்குப் போனார். அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு மேலேயே வீடு. மனைவி தரையில் உட்கார்ந்து கண்ணாடிச் சட்டங்களைத் துணியால் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் துடைக்கிற வேகம் கூடியது.

"வாங்க மாமா," என்றான் மைத்துனன். "என்னைக் கட்டிலோட ரயில்ல ஏத்திட்டீங்களாமே."

"நல்ல ரயில்தான்," என்றார் சார்ட்டர். பிறகு மனைவியைப் பார்த்து, "மாத்திட்டேன். தொட்டி இல்ல, துடுப்பு இல்ல. ஜன்னலோரமா நாற்காலியில உக்காந்து புஸ்தகம் படிக்கிறே. வெயில் லேசா விழுது. வீட்டுக்கு வா," என்றார்.

அவள் கை நின்றது. அந்த வெயில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று அவர் கண்டுகொண்டார். இரண்டு நொடி எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது.

"சொன்னா வர்றேனா?" என்றாள்.

"வருவேன்னுதானே கூப்பிட வந்தேன்."

"அது இல்ல. முப்பத்தெட்டுன்னு சொன்னா, நான் ஞாபகத்துல வர்றேனா?"

"வராம?"

"தம்பி, ஒரு இருவது நம்பர் சொல்லு. நடுவுல முப்பத்தெட்டையும் போடு."

மைத்துனன் உற்சாகமாகிவிட்டான். கண்ணாடிப் பெட்டிகளின் மேலிருந்த எண்களைக் கலந்து கலந்து வாசித்தான். சார்ட்டர் கண்ணை மூடிக்கொண்டார். கம்பவுண்டர் வந்தார். டீச்சர் கழுத்தை நீட்டினார். ஓனர் ரம்பத்தோடு தடுமாறினார். திரும்பச் சொல்ல ஆரம்பித்து, "எழுவத்தொண்ணு, சைபர் அஞ்சு, சைபர் எட்டு..." என்று வந்தவர் நின்றார். அடுத்து யார்? யாரும் இல்லை. அதற்கு அடுத்து அறுபது நன்றாகத் தெரிகிறது. நடுவில் ஒரு வெற்றிடம். ஒரு ஜன்னல் இருந்தது, அதில் என்னவோ இருந்தது, கடந்து வந்துவிட்டோம்.

"அடுத்தது அறுவது," என்றார்.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

சார்ட்டர் கண்ணைத் திறக்காமலே நின்றார். அந்த ஜன்னலை அவருக்குத் தெரியும். பதினாறு ஆண்டாக அலுவலகம் போகும்போதும் வரும்போதும் அவர் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார். அதில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது ஒரு செய்தியே அல்ல. ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறாரா என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் ஆயிற்று.

"தொட்டியிலயே விட்டிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்," என்றார் மெதுவாக. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

அவள் ஒரு சட்டத்தை எடுத்து ஊதித் துடைத்தாள். "நீங்க போட்டிக்குப் போயிட்டு வாங்க. நான் வர்றேனா இல்லையான்னு அதுக்கப்பறம் சொல்றேன்."

"நோட்டு?" வீட்டில் அதை இரண்டு நாளாகத் தேடிக் களைத்திருந்தார்.

"என்கிட்ட இருக்கு. நூறு பேரும் பத்திரமா இருக்காங்க. போங்க."

போட்டிக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் விடுமுறை நாளில் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கப் போட்டியைவிட அதிகத் திறமை தேவைப்பட்டது. காலையில் குளித்து, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

நூலகத்தில் இரண்டு ஹால்கள். முன்பே பெயர் கொடுத்தவர்கள் கீழே; கடைசி வாரத்தில் கொடுத்தவர்கள் மாடியில். கீழ் ஹாலில் நாற்பது பேர், தனித்தனி மேசை. கழுத்தில் நிறுத்துகடிகாரம் தொங்க, நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மேற்பார்வைக்கு நின்றிருந்தார். ஏறக்குறைய சார்ட்டர் வயதுதான் இருக்கும். "பேசக் கூடாது, திரும்பக் கூடாது, விரல் விட்டு எண்ணலாம்," என்றார். தாளைக் கொடுத்தார்கள். எட்டு வரி, வரிக்கு நாற்பது இலக்கம்.

முதல் வரி நன்றாகவே போனது. ஆட்கள் ஒழுங்காக வந்து நின்றார்கள். இரண்டாம் வரியின் நடுவில் முப்பத்தெட்டு வந்தது.

இந்தத் தடவை அவர் தாண்டிப் போகவில்லை. ஜன்னல் முன்னால் நின்றார். வெயில் லேசாக விழுந்துகொண்டிருந்தது. நாற்காலி இருந்தது. புத்தகம் நாற்காலிமேல் கவிழ்ந்து கிடந்தது. ஆள் இல்லை.

வந்துவிடுவாள் என்று காத்திருந்தார். பின்னால் மற்ற எண்கள் நெருக்கிக்கொண்டு நின்றன, கம்பவுண்டர் முணுமுணுத்தார், ஓனர், "நகருங்க சார்," என்றார். சார்ட்டர் நகரவில்லை. அந்த நாற்காலியின் கைப்பிடியில் சாயம் போயிருந்த இடம், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த காகிதம், அவள் கண்ணாடியைக் கழற்றி வைக்கிற மூலை என ஒவ்வொன்றையும் பார்த்தார். இத்தனை கோமாளிகளில் ஒருவரையும் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கால் மணி நேரம் முடிந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு வெற்றுத் தாளைக் கொடுத்தபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

பேனாவை எடுத்தார். முதல் கட்டத்தில் மூன்று என்றும் அடுத்ததில் எட்டு என்றும் எழுதினார். அதற்கு அடுத்தும் அதையே எழுதினார். எட்டு வரியையும் அப்படியே நிரப்பி, அழகாக மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

மதியம் ஆயிற்று. உள்ளே கைதட்டல் கேட்டது. சிலர் வெளியே வந்து சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் எழவில்லை. போட்டி முடிந்துவிட்டது. இனி பதில் வர வேண்டும். எந்தப் பஸ்ஸில் போய் அந்தப் பதிலைக் கேட்பது, என்ன முகத்தோடு கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

கடிகாரத்து அம்மா அவர் தாளோடு வந்தார்.

"நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நூத்தறுவது முப்பத்தெட்டு எழுதியிருக்கீங்க சார். நான் ஒண்ணு விடாம திருத்தினேன். மூணு சரியா இருக்கு."

"மூணு எடத்துல இருந்தாளா?" என்றார் சார்ட்டர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"இன்னொண்ணு. மாடி ஹால்ல முதல் பரிசு வாங்கினவங்க ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. படியில ஒருத்தர் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாராம். வீட்டுச் சாவிய மறக்காம எடுத்துட்டு வந்தாரான்னு கேக்கணுமாம். அவங்க தம்பி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரராம், அவரு கடை தொறக்கப் போயிட்டாராம். அவங்க பின்வாசல் வழியா நேரா வீட்டுக்குத்தான் போறாங்களாம்."

சார்ட்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. ஊர் மாறிப் போய்த் திரும்பி வருகிற கடிதம்போல அந்தச் சேதி மெதுவாகத்தான் அவரிடம் வந்து சேர்ந்தது.

"அவளா? முதல் பரிசா?"

"எட்டு வரியில ஆறு வரி ஒரு தப்பு இல்ல. போன வாரம்தான் பேர் குடுத்தாங்க."

"அவ வீட்டை விட்டு எங்கயும் போறதில்லையே," என்றார் சார்ட்டர். "நாலு பேரைத் தெரியாது அவளுக்கு. நூறு ஆளுக்கு எங்க போனா?"

அந்த அம்மா தாளை மடித்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்களும் அதைத்தான் கேட்டோம். நூறு ஆளெல்லாம் கெடையாதாம் சார், நூறு கோமாளித்தனம்தானாம். சைபர் சைபர்லேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் நீங்க ஒருத்தர்தானாம்."